வெட்டாத குழாய்

ஜனவரி 11, ஞாயிறு

ஒரு வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, ஒத்திகையாக என் மனைவி மெர்சியின் மாப் கைப்பிடியை அறுத்துக்கொண்டிருந்தேன். கீறல்தான் விழுந்தது. கைப்பிடி அசல் எஃகு என்று எனக்குப் பெருமை வேறு.

"எங்க அண்ணன்கிட்ட போய் இதச் சொல்லுங்க. சிரிச்சிட்டாவது சாவட்டும்" என்றாள். உடனே உள்ளே போய் அழுதாள்.

பீட்டர் மச்சானுக்குப் புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டது. குனிய முடியாது. வாலிபத்தில் குனிந்து பறப்பதற்காகத் தன் சைக்கிளில் முன்சக்கரத்தைக் கவ்வும் ஃபோர்க்கின் குழாயைக் குட்டையாக வெட்டிவிட்டவர். இப்போது ஹேண்டில்பார் உயர வேண்டும். அதற்கு நீளக் குழாயோடு புது ஃபோர்க். அவர் உட்காரும் உயரம் பார்த்து மிச்சத்தை வெட்டணும். ஈஸ்டருக்குள் ரிச்சர்ட்ஸ் பார்க்கை ஒரு சுற்று. அவ்வளவுதான் கேட்கிறார்.

ஃபோர்க்கை நானே போய்ப் பொறுக்கினேன், பளபளப்பைப் பார்த்து. சைக்கிள் கடைப் பையன் யுவன் "எந்த வண்டிக்கு சார்?" என்றான். "எல்லாம் தெரியும்ப்பா" என்றேன்.

ஜனவரி 18

மல்லேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் ஃபோர்க்கோடு மச்சான் வீட்டுக்குப் போனேன். கண்டக்டர் சூலாயுதமா என்று கேட்டார்.

மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கால்களையும் கட்டைவிரலால் தடவினார்.

"யார் பொறுக்குனது?"

"நான்தான்."

"அழகா இருக்கு, மாப்ள." ஃபோர்க்கை மடியில் வைத்துக்கொண்டு, "ஹாக்ஸா வேணாம். உன் கைக்குக் கோணலாப் போவும். வேற என்ன கிடைக்குதுன்னு பாத்துட்டு வா."

ஜனவரி 25

சிவாஜி நகர் கடைக்காரர் இரும்பறுக்கும் கிரைண்டர் மெஷினைத் தூக்கி வைத்தார். "தோ மினிட், சாப்." இரண்டே நிமிஷ வேலையாம்.

போனில் மச்சானிடம் சொன்னேன். "குழாய்க்கு முந்தி உன் விரல் போவும்."

ஆக, பிளம்பர்களின் பைப் கட்டரை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். குழாயில் கவ்விச் சுற்றச் சுற்ற அறுக்கும். நான் சுற்றினாலும் நேராக அறுக்குமாம்.

ஃபோர்க்கை வண்டியில் செருகி, மச்சானைத் தூக்கி உட்கார வைத்து, வெட்டும் இடத்தைக் குறிக்கக் குழாயில் டேப் ஒட்டினோம். கட்டரை எடுத்தேன். "இரு, மாப்ள. நீளமா விட்டா நாளைக்கும் வெட்டலாம். குட்டையாயிட்டா ஒட்ட முடியாது. அடுத்த ஞாயிறு பாக்கலாம்."

பிப்ரவரி 8

டேப் இரண்டு விரல் மேலே ஏறியது. முன்பு சாய்ந்த அளவுக்கு இப்போது மச்சானால் சாய முடியவில்லை.

படியில் மாடி வீட்டுச் சந்திரம்மா. "யாக்கே சார், எதுக்கு? மனுஷன் இப்படி இருக்கறப்ப சைக்கிளா?" அந்தம்மாவின் கவலை, மச்சானுக்குப் பிறகு வீடு யாருக்குப் போகும் என்பது. வழக்கமாக நல்லதாக ஒன்று திருப்பிக் கொடுப்பேன். இன்று கட்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி 22

இன்னும் மேலே. இப்படியே போனால் வெட்ட என்ன மிஞ்சும்?

மச்சான் மனைவி மலர் சமையலறையில் மெதுவாகச் சொன்னார்: "மத்த நாள்ல கஞ்சிகூட வேணாங்கறாரு. ஞாயித்துக்கிழமைன்னா காலையிலயே ஷேவ் பண்ணிவிடச் சொல்றாரு."

ஈஸ்டர் ஏன் இவ்வளவு தள்ளி வருகிறது?

மார்ச் 8

கட்டர் கடைசியில் வெட்டியது. குளியலறையில் அவர் பிடித்து எழுந்திருக்கச் சுவரில் பதிக்கும் கைப்பிடிக் குழாயை. துளிகூடக் கோணலில்லை.

"தொழில் கத்துக்கினியே" என்றார் மச்சான். சிரித்தோம். அவருக்குச் சிரித்ததும் வலித்தது.

மார்ச் 15

சைக்கிளைப் பற்றி அவரும் பேசவில்லை. நானும்.

மார்ச் 24

இன்று அடக்கம். கேக் சாப்பிட வந்த மாதிரி ஒரு கூட்டம் — யார் யார் என்று பிறகு எழுதுகிறேன். இல்லை, எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 11

ஈஸ்டர் போய்விட்டது. சைக்கிள் அரைகுறையாக நிற்பதைப் பார்க்க முடியவில்லை என்றார் மலர். தள்ளிக்கொண்டு யுவனிடம் போனேன். கடைசி டேப் இருந்த இடத்தில் வெட்டி, எல்லாம் மாட்டிக் கொடு என்றேன்.

"சார், இது டிஸ்க் பிரேக் ஃபோர்க். இந்த வண்டி பிரேக்க இதுல மாட்ட இடமே இல்ல. பீட்டர் சார் ஜனவரிலயே போட்டோ அனுப்பிக் கேட்டாரே? மாத்தித் தரேன்னேன். இருக்கட்டும், மாப்ளைக்குச் சொல்லாதேன்னுட்டாரு."