பாட்டு நின்ற இடம்

மதினி,

பேகம்பூர்க் கடைக்காரர் என் கல்யாணக் கேசட்டைத் திறந்ததும் முகம் சுளித்தார். நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூசணம். அவர் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கத் துடைக்கக் கடை முழுக்க ஆஸ்பத்திரி வாடை. "சி.டி.யில ஏத்திப் பாக்குறேம்மா. படம் ஓரளவுக்கு வரும். சத்தத்துக்கு உத்தரவாதம் இல்ல" என்றார். எனக்கோ சத்தம்தான் வேண்டும். படத்துக்கு ஆல்பம் இருக்கிறதே! அப்பாவின் குரல் உலகத்திலேயே அந்த ஒரு நாடாவில்தான் இருந்தது. அதுவும் உங்கள் புண்ணியத்தில்.

கல்யாணத்தன்று கோயிலில் பூசை முடிந்து, அகரம் ஊர்ச் சனம் மொத்தமும் மண்டபத்தில் இருந்தது. மேடையேறியவர்கள் எல்லாரும் வீடியோ லைட்டைக் கண்டதும், போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றார்கள். அப்பா அதற்கும் ஒரு படி மேல். மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம். மருமகள் நீங்கள்தான் பொறுக்கமாட்டாமல் கீழேயிருந்து கத்தினீர்கள்.

"மாமா, இது போட்டோ இல்ல, வீடியோ! எதாச்சும் பேசுங்க."

"என்னத்தப் பேசுறது தாயி?"

"வாய்க்கு வந்ததப் பேசுங்க."

அப்பா கேமராவைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசினார். மண்டபமே சிரித்தது.

கொஞ்ச நாள் கழித்து, கேசட்டைப் போட்டுப் பார்க்க ஸ்டுடியோவுக்குப் போனோம். முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டு. அப்போதெல்லாம் அதுதானே வழக்கம்; யார் வீட்டுக் கல்யாணக் கேசட்டிலும் ஒரு மனிதர் பேசுவது கேட்காது. அப்பா வாயசைக்கிறார், பின்னால் காதல் பாட்டு ஓடுகிறது. நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

"ஏங்க, எங்க மாமா டூயட்டா பாடுறாரு? பாட்ட நாங்க ரேடியோவுல கேட்டுக்கிறோம். இந்த எடத்துல அவரு பேசுனதப் போடுங்க."

"நடுவுல நிறுத்துனா நல்லா இருக்காதும்மா."

"இல்லாட்டிப் போகுது."

அண்ணன் கையைப் பிடித்து இழுத்தும், ஸ்டுடியோக்காரர் சம்மதிக்கும்வரை நீங்கள் நகரவில்லை. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு கேசட் பார்க்க வந்த சொந்தமெல்லாம், "என்னத்தா, பாட்டு நின்னுபோச்சு? கேசட்டு கோளாறா?" என்று கேட்டது.

அடுத்த வருசமே அப்பா போய்விட்டார். அதன்பின் அந்தக் கேசட்டைப் போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். போன வருசம் நீங்களும் போய்விட்டீர்கள். துக்கம் முடிந்து திரும்பும்போதுதான் அம்மாவிடம் அதைக் கேட்டு வாங்கி வந்தேன்.

நேற்று சி.டி. வந்தது. வீட்டில் போட்டோம். படம் கோடு கோடாக நடுங்கியது. பாட்டு இழுத்து இழுத்து வந்து, ஓரிடத்தில் சுத்தமாக அமுங்கியது. போச்சுடா என்று நினைத்தேன். மறுபடி பாட்டு வந்தது. அப்புறம் அது நின்றது. அப்பா செருமினார்.

"எல்லாரும் இருந்து சாப்டுட்டுப் போங்க. சாப்டாம யாரும் போயிறாதீங்க."

தாத்தாவைக் கண்ணால் கண்டிராத என் மகள், தட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தவள், டிவியைப் பார்த்து, "சாப்டுக்கிட்டுதான் இருக்கேன் தாத்தா" என்றாள்.

எனக்கு அழுகை தாங்கவில்லை, மதினி. பிறந்த வீட்டிலிருந்து வந்த சீரில் எதெதுவோ தேய்ந்தும் தொலைந்தும் போயிற்று. அப்பாவின் குரல் இருக்கிறது. அது நீங்கள் சண்டை போட்டு வாங்கித் தந்தது.