கடைசி பெஞ்சில் ஒரு மகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ படம் பார்த்திருக்க மாட்டாய். என் வாழ்க்கைக் கதையை வைத்து எடுத்த அந்தப் படத்துக்கு வந்த விமர்சனங்களை எல்லாம் இன்று உட்கார்ந்து படித்தேன். பழக்கதோஷம், கையில் சிவப்புப் பேனா. "இப்படியும் ஒரு வாத்தியாரா!" என்று எல்லோரும் உருகியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க அசதிதான் வந்தது.

ஒருவர் மட்டும் விளாசியிருந்தார். "வாத்தியாரின் மகள் ஒரே காட்சியில் வருகிறாள். அதிலும் கடைசி பெஞ்சில் தூங்குகிறாள். கதாசிரியருக்கு இந்தப் பெண்ணைப் பற்றி எதுவுமே தெரியவில்லை."

பாவம், கதாசிரியர் போனில் அழாத குறை. "சார், பொண்ணுக்கு அந்த வயசுல என்ன பிடிக்கும், யாரு சிநேகிதின்னு எத்தனை தடவை கேட்டேன்? ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஸ்டூடண்ட் கதையத்தானே சொன்னீங்க?"

"உங்க மேல தப்பில்லப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு அந்த விமர்சனத்தில் 'கதாசிரியருக்கு' என்பதை அடித்துவிட்டு, 'அப்பாவுக்கு' என்று திருத்தினேன்.

கதாசிரியர் கேட்ட கேள்விகளுக்கு நீதான் பதில் எழுத வேண்டும், அம்மா. கோபமாகவே எழுது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். நீ என்ன எழுதினாலும் திருத்த மாட்டேன்.

உன்
அப்பா