பெல் வைத்த நாற்காலி

என் வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதிவிட்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதியைக் கீழே சொல்கிறேன், பதறாமல் படி. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மகளிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமான விஷயமும் கூட.

ஞாயிற்றுக்கிழமை நீ அழுததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் பேரன் டயப்பர் இல்லாமல் இருக்கப் பழகாவிட்டால் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள், அப்புறம் கிடைத்த வேலைக்கு நீ போக முடியாது என்றாய். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். "அடிச்சுட்டேன்ப்பா, இப்ப என்னைப் பார்த்தாலே திரைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு அங்கேயே போயிடறான்" என்றாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீ சின்னதில் எப்படிப் பழகினாய் என்று கேட்டாயே, அது பெரிய கூத்து.

உன் அம்மா துணி ஆலைக்குக் கிளம்பியதும் நீ என்னோடு சைக்கிள் கடையில்தான் கிடப்பாய். எல்லோரையும் போல அவளும் உன்னைக் காலில் உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" என்று சொல்லிச் சொல்லியே பழக்கியிருந்தாள். வீட்டில் அது சரி. நாள் முழுக்கக் காற்றுப் பிடுங்கும் கடையில் சரிப்படுமா? நான் ஒரு வால்வைத் திறந்து அதே "ஸ்ஸ்ஸ்" சத்தம் வந்தால் போதும், நீ இருந்த இடத்திலேயே ஆரம்பித்துவிடுவாய். ஒரு தடவை தபால்காரர் சைக்கிள் சீட்டில் உன்னை உட்கார வைத்துவிட்டு, நினைவில்லாமல் பின் சக்கரத்தில் காற்றை இறக்கிவிட்டேன். சீட்டெல்லாம் குளம். அந்த மனுஷர் கோபிக்கவே இல்லை. "பஞ்சர் ஒட்டத்தானே சொன்னேன், வாட்டர் சர்வீஸும் பண்ணிட்டீங்களே" என்றார். கடையே சிரித்தது. நீயும் பெரிதாகச் சாதித்தவள் போலக் கை தட்டினாய்.

அதற்கப்புறம்தான் அந்த நாற்காலி. கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைச் சரிசெய்து, நடுவே வட்டமாக அறுத்து, தொடையில் குத்தாமல் விளிம்பைச் சுற்றிப் பழைய டியூபை மாட்டினேன். கீழே ஒரு வாளி. கைப்பிடியில் ஒரு சைக்கிள் பெல். "முடிஞ்சா பெல் அடி, அதுவரைக்கும் அப்பா திரும்பிப் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு என் வேலையைப் பார்ப்பேன். முதலில் சும்மா சும்மா அடித்து என்னை ஏமாற்றினாய், கள்ளி! ஒரு நாள் சத்தம் கேட்டுத் திரும்பினால், நீ எழுந்து நின்று வாளியைக் காட்டுகிறாய். மகாராணி தோரணை. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சலூன் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். என்ன நாட்கள் அவை!

இப்போது அந்த மீதி. போன மாதம் நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பதாக உன் அம்மா சொன்னாளே, அது பொய். ஆஸ்பத்திரியில் இருந்தேன். சிறுநீர்ப் பாதையில் அடைப்பு, ஆபரேஷன் செய்தார்கள். இப்போது தேவலை. நீ அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாய் என்றுதான் மறைத்தோம்.

சிறுநீர் இறங்க வைத்திருந்த குழாயை எடுத்த பிறகு, தானாகப் போனால்தான் வீட்டுக்கு விடுவோம் என்றார்கள். ஆளாளுக்கு வந்து "போச்சா? போச்சா?" என்று கேட்கக் கேட்க, வர இருந்ததும் நின்றுவிட்டது. நர்ஸ் நல்ல பெண்தான், ஆனாலும் அதட்டினாள். இந்த வயதில் எனக்கு அழுகை வந்துவிட்டது, வாலு. அந்தச் சின்னப் பயலுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

உன் அம்மாதான் எல்லோரையும் வெளியே அனுப்பினாள். பாத்ரூம் கதவுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "நான் பார்க்கல. முடிஞ்சா பெல் அடிங்க" என்றாள். கூடவே தபால்காரர் கதையை வேறு எடுத்துவிட்டாள். சிரித்தேன் பார், அந்தச் சிரிப்போடு வந்துவிட்டது. பெல்லுக்கு எங்கே போவது? பக்கெட்டைத் தட்டினேன்.

அதனால் கண்ணு, அவன் எதிரே போய் நிற்காதே. கேட்டுக்கொண்டே இருக்காதே. முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கு, துணி மடி. மாப்பிள்ளையிடமும் சொல்லு. வேலை நிலைத்தால் நல்லது. பிள்ளை ஒளியாமல் உன்னிடம் வருவது அதைவிட நல்லது. அடித்ததையே நினைத்து உருகாதே, போய் மடியில் போட்டுக்கொள்.

அந்தப் பழைய பெல்லைக் கழற்றி, துரு தேய்த்து, எண்ணெய் போட்டு இதோடு அனுப்புகிறேன். திருகாணிகள் தனியாகப் பொட்டலத்தில் இருக்கின்றன, தொலைத்துவிடாதே. நாற்காலி இங்கேயே இருக்கட்டும், வந்தால் உட்காருவான்.

அவன் முதல் தடவை அடிக்கும்போது, இங்கே எந்த நேரமாக இருந்தாலும் போன் பண்ணு. பேசக்கூட வேண்டாம், சத்தம் கேட்டால் போதும். பழக்கதோஷம், நான் திரும்பிப் பார்ப்பேன். என் முதுகுக்குப் பின்னால் நீ இருக்க மாட்டாய். ஆனாலும் பார்ப்பேன்.

மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் கடை திறக்கும்
உன் அப்பா