அப்பாவின் பெயரில் வந்த உரை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இறையருளால் நான் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, மற்றபடி குறையொன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடல்நலத்தோடும் மனஅமைதியோடும் இருக்க வேண்டும் என்பதே என் அன்றாட வேண்டுதல். தொலைபேசியில் பேசினால் நீ அழுகிறாய், நான் அழைப்பைத் துண்டித்துவிடுகிறேன். ஆகவே காகிதத்தை எடுத்துக்கொண்டேன். நாங்கள் எழுதிவந்த இணையதளத்தின் நிறுவனம் உனக்கு எழுதி, நீ எனக்கு அனுப்பியிருந்த பதிலைக் கண்ணாடிக்கடைக்காரர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். நீ ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டால் அப்பாவின் பக்கத்தைத் திருப்பித் தருவார்களாம். இல்லையேல் மாத முடிவில் யாவற்றையும் அழித்துவிடுவார்களாம். அதற்கு என் விடையைச் சொல்லும் முன் நடந்ததை நீ முழுமையாக அறிய வேண்டும்.

கண்ணாடிக்கடையின் பின்னறையில், மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே, அப்பாவும் நாங்களும் வாரந்தோறும் பதிகம் வாசித்துப் பொருள் கண்டதை நீ அறிவாய். அப்பா உரை சொல்வார். எதற்கெடுத்தாலும் மறுப்புச் சொல்வதால் அவரே ‘ஆட்சேபணை’ என்று பெயர் சூட்டிய ஓய்வு பெற்ற தபால்காரர் குறுக்கிடுவார். கடைக்காரர் இருவரையும் அடக்குவார். நான் பாடலை மறுபடி வாசிப்பேன். அந்த உரையையும் மறுப்பையும் அறையிலிருந்த ஒரே கணினியில், அவரவர் பெயரில், அந்த நிறுவனத்தின் தளத்தில் ஏற்றிவந்தோம். எங்கெங்கோ இருந்தவர்கள் படித்து ஐயம் கேட்டார்கள். காகிதத்தில் படி எடுத்து வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாடகை கேட்காத வீட்டில் குடியிருந்தோம் மகளே. வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்ததில்லை, நம் பெயரில் பத்திரம் இல்லை என்பதை நினைத்ததுமில்லை.

எங்கள் அவையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மறைந்தால் அவர் இருக்கையில் இன்னொருவர் அமர்ந்து, ‘இன்னாருக்காகச் சொல்கிறேன்’ என்று அறிவித்துவிட்டு, மறைந்தவர் எப்படிப் பொருள் சொல்லியிருப்பாரோ அப்படிச் சொல்ல வேண்டும். அப்பாவின் இருக்கை எனக்கென்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். நான் என் இடத்தைவிட்டு எழவில்லை. ஆட்சேபணை தாமே எழுந்து போய் அதில் அமர்ந்தார். ஆயுள் முழுவதும் அப்பாவை எதிர்த்தவர், அன்று அப்பாவின் பக்கம் நின்று வாதாடினார். முடித்துவிட்டு, “உயிரோட இருந்தப்போ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. இப்ப பாருங்கம்மா, என் வாயாலயே ஜெயிக்கிறார் மனுஷன்” என்றார். அப்பா போன பின் நான் சிரித்தது அன்றுதான். அவர் சொன்ன உரையை அப்பாவின் பெயரிலேயே ஏற்றினோம். யாருக்காகச் சொல்கிறோம் என்ற அறிவிப்பு அறையில் வாயால் சொல்லப்பட்டது. கேட்டவர்களுக்குத் தெரிந்ததை மறுபடி எழுதுவானேன் என்று விட்டுவிட்டோம். வெளியே இருந்தவர்களுக்கோ அப்பாவின் பெயரும் படமும் மட்டுமே தெரிந்தன.

அலுவலகத்தில் உணவு இடைவேளையில் கைபேசியைத் திறந்த நீ, இறந்த தந்தை புதிதாக ஒரு பாடலுக்குப் பொருள் எழுதியிருப்பதைக் கண்டாய். யாரோ அயலார் அப்பாவின் பெயரோடு விளையாடுகிறார்கள் என்றெண்ணி, இறப்புச் சான்றிதழை அனுப்பி முறையிட்டாய். மகள் செய்ய வேண்டியதைத்தான் செய்தாய். அந்தப் பிள்ளை நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று கடைக்காரர் முணுமுணுத்தார். நாம் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ஆட்சேபணை அதற்கும் ஆட்சேபித்தார்.

அந்த நிறுவனத்தின் தானியங்கி இயந்திரம் முதலில் அப்பாவின் பக்கத்தைப் பூட்டியது. பிறகு அதே கணினியிலிருந்து எழுதிய எங்கள் பக்கங்களையும் தேடிப் பிடித்து, அனைத்தும் ஒரே கையின் போலிகள் என்று தீர்ப்பளித்தது. எங்கள் முறையீட்டுக்கு வந்த பதில் தமிழில் இருந்தது: ‘அன்பார்ந்த பயனர், உங்கள் நடத்தை நம்பகத்தன்மையற்றதாகக் கண்டறியப்பட்டுள்ளது.’ ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான். ஆனால் பழம்பாடலுக்கு உரை காண்போர் முதலில் கேட்பது, இது யார் கூற்று, யாரை நோக்கிய கூற்று என்பதே. தலைவி பேசினாலும் வாயிற்காவலன் பேசினாலும் பேசுவதற்கு ஓர் உயிர் இருக்கும். இதில் கண்டறிந்தவர் என்று ஒருவருமில்லை. இறைவனும் பதில் சொல்வதில்லைதான். ஆயினும் அவன் கேட்கிறான் என்ற உறுதியில் எத்தனை தலைமுறை பாடியிருக்கிறது. நம் மொழி அந்த இணையப் பெருவெளியில் புழங்குகிறதே என்று மகிழ்ந்திருந்தேன். பேசுவோர் இல்லாமலே அது பேசப்படும் காலம் வரும் என்று எண்ணவில்லை.

இனிக் கையெழுத்துக்கு வருகிறேன். தந்தை மறைந்த பின் அவர் பெயரில் எழுதியவர்கள் குடும்பத்தோடு தொடர்பற்றவர்கள், ஏமாற்றும் நோக்கில் எழுதியவர்கள் என்று வாரிசாகிய நீ உறுதி கூற வேண்டும். கூறினால் அப்பா எழுதியவை உன் கைக்கு வரும். எங்கள் எழுத்தெல்லாம் நீங்கிவிடும். உன் நிலை எனக்குத் தெரியாததன்று. நீ வந்து சேர்வதற்குள் அப்பாவை எடுத்துவிட்டோம். அவர் முகத்தை இறுதியாகப் பார்க்கக் கிடைக்காத உனக்கு அந்த எழுத்துதான் மிச்சம். எனக்கு மட்டும் ஆசை இராதா? போட்டுவிடச் சொல்லலாம் என்றே என் மனமும் முதலில் ஓடியது. ஆட்சேபணையும் அதையே சொன்னார். “உங்க பொண்ணு என்னைப் போலின்னு எழுதிக் குடுக்கட்டும்மா. நான் கோவிச்சுக்க மாட்டேன். அவர் எழுதினதாவது பிழைக்கட்டும்.” சொல்லிவிட்டு, கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைச் சிறிது நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன, அவர்கிட்ட நான் தோத்த இடமெல்லாம் போயிடும்” என்றார்.

அந்தச் சொல்தான் என்னைத் தடுத்தது. அப்பாவின் உரை தனியே நின்றதில்லை. மறுப்பு எழுந்ததால் விடை எழுந்தது. மறுப்பை அறுத்தெறிந்தால் எஞ்சுவது, ஆளில்லா அறையில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பதாகும். அவர் உன் அப்பா அல்லர். அன்றியும் அது பொய்ச்சாட்சி. நோய்ப்படுக்கையில் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்ட ஆட்சேபணையின் கையை, இறுதியில் அவரைச் சுமந்த தோளைத் தொடர்பற்றது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிகத்தைத் திறக்க உனக்கு மனம் வராது. வந்தாலும் நான் வேண்டேன். ஆகவே கையெழுத்திடாதே. எல்லாம் போகும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். உன்னிடமிருந்து அப்பாவை இரண்டாம் முறை நானே எடுத்துக்கொள்கிறேன் என்பதும் தெரியும். அதற்கு ஆறுதல் சொல்ல எந்த நூலிலும் எனக்கு வரி கிடைக்கவில்லை.

கடைக்காரர் தனி இணைய முகவரி ஒன்று வாங்கி, அலமாரிக்கு அடியில் ஒரு சிறு கணினியை நிறுவியிருக்கிறார். இனி நாங்கள் எழுதுவது அதில் இருக்கும், காகிதத்திலும் இருக்கும். பழையதை நினைவிலிருந்து மீட்கலாம் என்று முதல் பதிகத்தை எடுத்தோம். அப்பா சொன்ன பொருளை மூவரும் மூன்று விதமாகச் சொன்னோம். ஆட்சேபணைக்குத் தாம் சொன்ன மறுப்பு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. அதற்கு அப்பா தந்த விடை அவருக்கும் நினைவில்லை, எங்களுக்கும் நினைவில்லை. மறுப்பை மட்டும் ஏற்றியிருக்கிறோம்.

நிறுவனத்திலிருந்து நினைவூட்டல் வந்தால் பதில் எழுத வேண்டாம். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. இருவரும் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ எல்லாம் வல்லவன் துணை நிற்பானாக.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா