சும்மா நின்ற ஜீப்

என் எஸ்தர் அக்காவுக்கு,

உன் மகள் நேற்று முதல் தடவையாகப் புரண்டு குப்புற விழுந்துவிட்டாள். லயத்து வரிசை வீடுகளே கூடிச் சிரித்தன. நான் ஆபீசுக்குப் பின்னால் போய் அழுதேன்.

பீர்மேட்டு எஸ்டேட் கிளார்க் வேலையோடு தபாலில் அமைப்பியல் படித்தேனே, நினைவிருக்கிறதா? வேலைகளைத் திட்டமிடும் கணிதம், காத்திருக்கும் வரிசைகளின் கணிதம், விளைவைக் கண்டு செயலைத் திருத்தும் வழி என்று அதற்குப் பல கிளைகள். வாசித்துக் காட்டினால் கொட்டாவி விடுவாய்.

அதை வைத்து நம் டிவிஷனின் ஒரே ஜீப்புக்கு அட்டவணை போட்டேன். பாதி நாள் ஷெட்டில் நின்ற வண்டிக்கு உரம், விறகு, தபால் என்று ஓயாத ஓட்டம். மேனேஜர் துரை என் தோளில் தட்டினார். நிறைமாத வயிற்றோடு நீதான் கேட்டாய்: “ஏலே, வண்டி சும்மா நின்னா ஒனக்கென்னலே? ஒரு அவசரத்துக்கு ஆகும்லா?”

சிரித்தேன். ஆனால் அக்கா, பாடத்திலும் அதுதான் இருந்தது. ஓய்வே இல்லாத வண்டிக்காகக் காத்திருப்பவர் வரிசை நீண்டுகொண்டே போகும் என்று. துரையின் பாராட்டுக்காக அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனேன்.

பிள்ளை பிறந்து உனக்கு இரத்தம் நிற்காதபோது காலை பத்து மணி. ஜீப் அடிவாரத்தில் உரம் ஏற்றிக்கொண்டிருந்தது. கட்டிலோடு உன்னைத் தூக்கிக்கொண்டு பாதி மலை இறங்கிய பிறகுதான் எதிரே வந்தது. அதற்குள் நீ போய்விட்டாய். “நீ எளுதுன சீட்டுப்படிதாம்ப்பா போனேன்” என்று டிரைவர் அந்தோணி அண்ணன் ரோட்டிலேயே உட்கார்ந்து கதறினார். அவரை யார் குற்றம் சொன்னது? மச்சான் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. தப்புக் கணக்குப் போட்டவன் நான். அது ஏன் உன்மேல் விழுந்தது?

இப்போது அதே அட்டவணையை மற்ற இரண்டு டிவிஷன்களுக்கும் எழுதித் தரச் சொல்கிறார் துரை. திங்கட்கிழமை கெடு. மறுத்தால் வேலை போகும். மலையை விட்டு இறங்கினால் உன் மகளை மச்சான் என் கண்ணில் காட்டுவாரா? ஆனால் கீழ் டிவிஷனில் கொழுந்தெடுக்கும் ரோஸ்லினுக்கு இது நிறைமாதம். ஜெபிக்கக் கண்ணை மூடினாலும் அட்டவணைதான் தெரிகிறது. பயமாக இருக்கிறது, அக்கா. நான் என்ன செய்ய?

சரி, வாக்குக் கொடுக்கிறேன். என்ன ஆனாலும் ஆகட்டும். திங்கட்கிழமை துரையின் மேசையில் மூன்று புது அட்டவணைகள் இருக்கும். சரக்கெல்லாம் டிராக்டருக்கு. ஜீப்புக்கு நேரே காலை முதல் மாலை வரை ‘சும்மா நிற்கும்’ என்று எழுதுவேன். ‘காரணம்’ என்ற கட்டத்தில் உன் பெயர்.

நீ சொல்லியும் கேட்காத உன் தம்பி,
சாலமோன்