கொலிஜ் மாக்ஸும் ஆஸ்பத்திரிக் கடிதமும்

அளவெட்டி,
மார்ச் 14.

அன்புள்ள மகன் யதுசனுக்கு,

பிள்ளையார் துணையால் நானும் அம்மாவும் தங்கச்சி நிவேதனாவும் சுகம். ரொறன்ரோக் குளிரில் உன் உடம்பும் மனமும் தேறியிருக்க வேண்டும் என்பதே எங்கள் மன்றாட்டம். ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்து, போன வருடம் கொலிஜில் இரண்டு பாடம் பெயில், மற்றவை மட்டுமட்டான பாஸ் என்று சொன்னாய். கோபம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். கேட்ட நேரமெல்லாம் ‘நல்லாப் படிக்கிறன் அப்பா’ என்று சொன்ன பிள்ளை அல்லவா. இப்போது பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முன்பு படித்த இடங்களையெல்லாம் எழுதச் சொல்கிறார்கள், அறையில் கூட இருக்கும் கோபிசங்கர் ‘கொலிஜை எழுதாமல் விடு, ஆருக்குத் தெரியப்போகுது’ என்கிறான், என்ன செய்ய என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த நாள் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக்கொண்டு உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நிவேதனா கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னாள், ‘அப்பா, அம்மா ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை நீங்கள் அண்ணைக்கு எத்தினை மணிக்கு எடுத்தனீங்கள்? இங்கை இரவு எட்டு மணியெண்டால் அங்கை காலமை ஒன்பதரை. அண்ணை வகுப்பிலை இருந்திருப்பார்.’ நான் வரம்பிலேயே குந்திவிட்டேன் தம்பி. போன வருடம் தை, மாசி முழுக்க தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, சமைக்க ஆளில்லாத குசினியில் இருக்க ஏலாமல் உனக்குத்தான் போன் எடுப்பேன். உடனே எடுப்பாய். ஒரு மணித்தியாலம் கதைப்பேன். வகுப்பு நடக்கிறது என்று நீ ஒருநாளும் சொல்லவில்லை, அங்கே என்ன நேரம் என்று நானும் ஒருநாளும் கேட்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அவரின் வருத்தத்தை ஊருக்கு வயிற்றுப்புண் என்றுதானே சொல்லி வைத்திருந்தோம், நிவேதனாவின் கலியாணப் பேச்சுக்குப் பழுது வரும் என்ற பயத்தில். கனடாவில் உள்ள சொந்தக்காரருக்கும் அப்படியே சொல்லச் சொல்லி உன்னிடம் கேட்டதும் நாங்கள்தான். மறைக்கப் பழக்கிவிட்டு மறைத்தாய் என்று உன்னில் கோபித்தால் அது என்ன நியாயம். வியாழக்கிழமை காலை அம்மா சீலை மாற்றிக்கொண்டு வந்து, ‘வெளிக்கிடுங்கோ, பிள்ளையின்ரை விண்ணப்பத்தோடை சேர்க்க டொக்டரிட்டைக் கடிதம் எடுப்பம்’ என்றார். கிளினிக்கில் டொக்டரிடம் நான், ‘சிகிச்சை எண்டு மட்டும் போடுங்கோ’ என்றேன். அம்மா இடையில் மறித்து, ‘இல்லை டொக்டர், புற்றுநோய் எண்டே எழுதுங்கோ. திகதியும் போடுங்கோ’ என்றார். வரும் வழியில் உன் மாமி கண்டு எங்கே போனீர்கள் என்று கேட்க, அவருக்கும் உள்ளதைச் சொல்லிவிட்டார். மாமி றோட்டிலேயே அம்மாவைக் கட்டிப்பிடித்து, ‘என்னட்டையுமோ மறைச்சனீ’ என்று அழுதார். அன்று பின்னேரமே ஒரு பை நிறையக் கீரையோடு வந்து குந்தியிருந்து அம்மாவைச் சாப்பிடவைத்தார்.

ஆனபடியால் தம்பி, கொலிஜின் பெயரை எழுது. பெயிலையும் சேர்த்து மாக்ஸ் எல்லாவற்றையும் உள்ளபடி அனுப்பு. ஆஸ்பத்திரிக் கடிதத்தை நிவேதனா படமெடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறாள், மூலப் பிரதி இதற்குள் இருக்கிறது. தபால் பிந்தினாலும் என்று இந்தக் கடிதத்தையும் அவள் படமெடுத்து அனுப்புவாள். ஆனால் பழி முழுவதையும் அம்மாவின் வருத்தத்தில் போடாதே. ஆசிரியரிடம் நேரத்தோடு சொல்லியிருக்கலாம் என்பதையும் எழுது, அது உன் பிழை. இடம் தராவிட்டால் அடுத்த வருடம் பார்ப்போம். மறைத்து உள்ளே போய், பல்கலைக்கழகத்தில் இருந்து ஒவ்வொரு கடிதம் வரும்போதும் நீ நெஞ்சிடிப்போடு உடைப்பதை என்னால் நினைக்க ஏலாது. கோபிசங்கரோடு சண்டை பிடிக்காதே, அவன் உனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னான். விண்ணப்ப முடிவு திகதி இருபத்தெட்டு, கடைசி நாள் வரைக்கும் வைத்திருக்காதே. பிள்ளையார் உனக்கு நல்ல வழி காட்டட்டும்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா
தியாகலிங்கம்

மகன், அம்மா எழுதுறன். அப்பா சுகம் எண்டு எழுதினதை முழுக்க நம்பாதை. கட்டி சுருங்கியிருக்கு, முழுசா மாறேல்லை. அடுத்த ஸ்கான் சித்திரையிலை. என்ரை ரிசல்ட் இதுதான். உன்ரையை நீயும் உள்ளபடி சொல்லு.