அட்டையில் எழுதிய குவாத்தமாலா விடுமுறைகள்

குவாத்தமாலாக்காரர்கள் அனுப்பிய காலண்டரில் இன்றைய தேதி சிவப்பில் இருக்கிறது. நவம்பர் ஒன்று. இங்கே அமீரகத்தில், அஜ்மானுக்கு இது வேலை நாள்தான். அங்கிருந்து நமக்கு ஏலக்காய் அனுப்புகிறவர்கள் மட்டும் அலுவலகத்தை மூடிவிட்டு, செத்தவர்களைக் கும்பிடக் கல்லறைக்குப் போயிருப்பார்கள். அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஆறு. அந்த நேரத்துக்கு அவர்களுடைய மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். இன்று ஒன்றுகூட வரவில்லை. குடோனில் மூட்டைகளின் வாசனையோடு நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி, உனக்கு அந்த நாட்டின் மேல் முதலில் கோபம்தான். போடியில் ஏலக்காயைத் தரம் பிரித்துப் பழகிய கை உன்னுடையது. முதல் மூட்டையைப் பிரித்து ஒரு காயை உடைத்து மோந்தாய். "நம்ம காய்க்கு இது காலு தூசிக்கு வருமாண்ணே? இவனுகதான் நம்ம ஊரு வெலையக் கெடுத்தானுக" என்றாய். அப்புறம் அவர்களுடைய விடுமுறைகள் உனக்குப் பிடித்துப்போயின. அங்கே லீவு என்றால் இங்கே எனக்குக் காகிதம் வராது. அன்று மாலை நாம் இருவரும் வெளியே டீக்கடையில் அரை மணி நேரம் கூடுதலாக நிற்கலாம். நமக்கென்று கிடைத்த விடுமுறை அதுதான். ஜூன் முப்பது அவர்களுக்கு ராணுவ தினம். நீ மூட்டை அடுக்குக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பாய். டிசம்பர் இருபத்து நாலும் முப்பத்தொன்றும் மதியத்துக்கு மேல் அரை நாள் லீவு. "அரை நாளுக்குச் சட்டம் போட்டிருக்கான் பாருங்கண்ணே. நமக்கு முழு நாளையே காணோம்" என்பாய். இன்றைய நாளில் அவர்கள் கல்லறை மேட்டில் வீட்டுக் கூரை அளவுக்குப் பட்டம் விடுவார்கள். அந்தப் படத்தைக் காலண்டரில் பார்த்துவிட்டு, "செத்தவுகளுக்குப் பட்டமா? எங்கப்பாவுக்கு விட்டா நூல அறுத்துருவாரு" என்று சிரித்தாய்.

நான் மூட்டை தூக்க வந்தவன். ஆங்கிலமும் டைப்பிங்கும் யாரும் சொல்லித்தரவில்லை. நானாகவே கற்றுக்கொண்டு காகித வேலைக்கு மாறினேன். இன்றுவரை சம்பளச் சீட்டில் என்னை ஹெல்பர் என்றே போடுகிறார்கள். அதனால்தானோ என்னவோ, எனக்குத் தெரிந்த ஒன்றை இன்னொருவர் திருத்தினால் பொறுக்காது. முதல் வருடமே அந்த நாட்டின் விடுமுறைகளை ஓர் அட்டைப்பெட்டியின் பக்கத்தைக் கிழித்து எழுதி மேசைக்கு மேலே மாட்டினேன். ஜூன் முப்பது, செப்டம்பர் பதினைந்து, அக்டோபர் இருபது. ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தையும் அந்த வருடத்துத் தேதியோடு அதே வரிசையில் எழுதினேன். அந்த வாரம் நாடே மூடிக்கிடக்கும். துறைமுகத்தில் சரக்கை எடுக்கத் தேவையான அசல் காகிதங்களை அதற்கு முன்னால் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

உன் மகள் கல்யாணத்துக்கு நீ டிக்கெட் போட்டிருந்த வருடம். புதுக் காலண்டர் சுருட்டியபடியே மூலையில் கிடந்தது. நீ வந்து சொன்னாய்: "அண்ணே, இங்க நோன்புப் பெருநாள் நகர்ற மாதிரி அவங்களுக்கு அந்த வாரமும் வருசா வருசம் நகருமாம். புதுசப் பிரிச்சு ஒரு தடவ பாருங்களேன்."

"அட்டையில இருக்கு. நீ காயைப் பாரு, நான் காகிதத்தப் பாத்துக்கிறேன்" என்றேன்.

அந்த வருடம் அது அட்டையில் இருந்த தேதிக்கு மூன்று வாரம் முன்னதாக வந்துவிட்டது. நான் காகிதம் கேட்டு எழுதியபோது அங்கே பதில் சொல்ல ஆளில்லை. கன்டெய்னர் துறைமுகத்துக்கு வந்து, காகிதம் இல்லாமல் நின்றது. சரக்கு வந்து தரம் பிரிக்காமல் நீ ஊருக்குப் போகக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். "லீவ் மாஃபி. கலாஸ்." லீவு கிடையாது, பேச்சு முடிந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். பிழை யாருடையது என்று வாய் திறக்கவில்லை. அந்த மனிதர் பெண்ணைப் பெற்றவனை விட்டிருக்கலாம். அதை நான் இப்போதும் சொல்வேன்.

முகூர்த்தத்தின்போது நீ மூட்டைகளுக்கு நடுவே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் இடத்தில் உன் மச்சினன் தாரை வார்த்தான். தாலி ஏறியதும் போனைப் பையில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "டீ குடிப்பமாண்ணே" என்றாய். அதன்பிறகு ஆறு வருடம் ஒரே ரூமில் இருந்தோம். அந்தக் கன்டெய்னரைப் பற்றி நீ பேசவே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் கம்பெனி லீவு தரவில்லை என்றாய். நானும் அதையே சொன்னேன்.

போன வருடம் ஊரில் நீ இறந்தபோது வர முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். வரவில்லை என்பதுதான் சரி. உன் மகளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

சற்று முன் அவள் குவைத்திலிருந்து, மங்காஃபில் இருக்கும் தன் வீட்டிலிருந்து பேசினாள். "பெரியப்பா, இன்னைக்கு உங்களுக்குக் காகிதம் வராதுல்ல? பட்டம் விடுற நாளாச்சே. அப்பா சொல்லுவாரு" என்றாள். நீ ஊருக்குப் போயும் அதையெல்லாம் சொல்லியிருக்கிறாய். நான் சொல்லிவிட்டேன்:

"உங்கப்பா கல்யாணத்துக்கு வராதது என்னாலம்மா. தேதியத் தப்பாப் பாத்தது நான்தான்."

அவள் சொன்னாள்: "தெரியும் பெரியப்பா. அப்பா அன்னைக்கே சொல்லிட்டாரு. 'அவரா சொல்ற வரைக்கும் நீ கேட்டுராத. வீம்பு புடிச்ச மனுசன், அப்பறம் நம்மகூடப் பேசாமயே போயிருவாரு'ன்னாரு." அதற்கப்புறம் அவளே கேட்டாள், "சாப்ட்டீங்களா?"

தம்பி, உன்மேல் எனக்குக் கோபம். எல்லாம் தெரிந்துகொண்டு ஆறு வருடம் எதிர்க் கட்டிலில் படுத்திருந்தாயே, ஒரு நாள் திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் நானும் எகிறியிருப்பேன், அட்டை சரிதான் என்று சாதித்திருப்பேன், இரண்டு மாதம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னோடு டீ குடிக்க ஆள் வேண்டும் என்றுதான் நீ பேசாமல் இருந்தாயோ?

இப்போது டீக்கடைக்கு நான் தனியாகப் போகிறேன். தப்பு என்னுடையதுதான்.